வலது பின்கதவு

என் கணவர் ரிஃப்கி இறந்த பதினான்காவது மாதத்தில், நின்றுகொண்டிருந்த எங்கள் காரை மெத்தை ஏற்றிவந்த வேன் ஒன்று ரிவர்ஸில் வந்து இடித்தது. நான் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. மடியிலிருந்த பட்டாணியை முடித்துவிட்டுத்தான் ஜன்னலுக்குப் போனேன். அதற்குள் கீழே ஒன்பது பேர் கூடி, தப்பு யார்மேல் என்று தீர்த்து, வேன்காரனுக்குத் தேநீரும் வரவழைத்துக் கொடுத்திருந்தார்கள்.

கார் வீட்டுக்குக் கீழே ஒரு லிண்டன் மரத்தடியில் பதினான்கு மாதமாக நின்றது. மரம் அதன்மேல் பிசின் சொட்டியிருந்தது, பிசின்மேல் தூசு, தூசுமேல் பூனைக் கால்கள். ஓட்டக் கூடாது என்று நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. தினமும் அதைக் கடந்து போனேன், அவ்வளவுதான்.

அந்தக் காரை ரிஃப்கி எனக்காகத்தான் வாங்கினார். அவருக்கு சைக்கிளே போதும். நகராட்சியில் தராசு பரிசோதகராக இருந்தவர். எங்கள் ஊரான எதிர்னேயின் மளிகைக்காரர்கள் அவர் சைக்கிள் மணி கேட்டால் எடைக்கற்களைத் துடைத்து வைப்பார்கள். நான் ஐம்பது வயதில், மூன்றாம் தடவையில் லைசென்ஸ் வாங்கினேன். கார் வந்த அன்று அவரிடம், "எங்கயாவது இடிச்சேன்னா அன்னைக்கே சாவிய உங்க கைல குடுத்துடுவேன். அப்புறம் தொடவே மாட்டேன்" என்று சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி "சரி" என்றார். அதன்பின் பத்து வருடம் நான் எதையும் இடிக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் ரிஃப்கி பெருமையாகச் சொல்வார்: "மெலாஹத் ஒரு கோடுகூடப் போட்டதில்ல."

காரை விற்கச் சொன்னவன் அவருடைய தம்பி செலாமி. வாழ்க்கையில் இருபத்துமூன்று கார் வாங்கி விற்றவன். எதையும் ஒரு வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. விபத்துக்கு முந்தைய வாரமே என்னைக் கேட்காமல் விளம்பரம் கொடுத்திருந்தான். லேடி டாக்டர் ஓட்டியது, கம்பெனி பெயின்ட், வெயில் படாதது என்று அதில் இருந்தது. நான் பத்தொன்பது வருடம் ஒரு மழலையர் பள்ளியில் சமையல்காரியாக இருந்தவள்.

"டாக்டர்னு போட்டாத்தான் அண்ணி போன் வரும். சமையக்காரம்மா ஓட்டுனதுன்னா வண்டி வெங்காய வாசனை அடிக்கும்னு நெனைப்பான்."

"அடிக்கும்தான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

எங்கள் ஊரில் பழைய காரைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, ஓடுமா என்பதல்ல; பெயின்ட் அடித்ததா என்பதுதான். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டுக்கு மேல் இன்னொரு பூச்சு ஏறிவிட்டால் அந்தக் கார் இடிபட்டது என்று அர்த்தம். இடிபட்ட காரை யாரும் நம்புவதில்லை. ஆகவே விற்கிறவர்கள் ரொட்டியின்மேல் கைவைத்து, பெயின்ட் படவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். வாங்குகிறவர்களும் தலையாட்டிவிட்டு, அளக்கும் கருவியைப் பையிலிருந்து எடுப்பார்கள். என் காருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன் என்று தானாகச் சொன்ன மனிதர் ஒருவரும் எதிர்னேயில் கிடையாது.

இத்ரிஸ் மேஸ்திரியின் பட்டறையில் காரைச் சரிசெய்தார்கள். வலது முன்கதவில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தார். வலது பின்கதவு நசுங்கிப் போயிருந்ததால் அதைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார். அந்தச் செலவு வேன்காரனின் இன்சூரன்ஸ் பொறுப்பு. அதற்குமேல் இன்னொன்றும் உண்டு என்று செலாமி சொன்னான். கார் எவ்வளவுதான் சரியானாலும் சந்தையில் அதன் மதிப்பு இறங்கிவிடும். அந்த இறக்கத்துக்குத் தனி இழப்பீடு. என் கணக்கில் அது இரண்டு குளிர்காலத்துக்கு எரிவாயு. பல்கேரியாவிலிருந்து நேராக வரும் குளிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது சின்ன விஷயமில்லை. சரி என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதிப்பீட்டாளர் ஜெவ்தெத் வெள்ளைக் கையுறையோடு வந்தார். அளக்கும் கருவி வெல்வெட் பைக்குள் இருந்தது. ஒவ்வொரு தகட்டிலும் கருவியை வைத்து, மூச்சை அடக்கி, எண்ணைப் படித்து, காரின் படம் வரைந்த தாளில் எழுதினார். தலைமயிர் ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான். கம்பெனி பெயின்ட் நூறிலிருந்து நூற்றிருபது வரை இருக்கும் என்று விளக்கினார். எனக்கு ஒரு முக்காலி கொடுத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள். குடித்தேன். சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்று நினைவில்லை.

"கார் சரியாயிடுச்சு மேடம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா சந்தையோட மனசு சரியாகல" என்றார் ஜெவ்தெத். "சந்தை ரொம்ப மென்மையான ஆளு. அடிபட்டதுன்னு காதுல விழுந்தாலே போதும், முகத்தத் திருப்பிக்கும். அந்த மனத்தாங்கல அளக்குறதுதான் எங்க தொழில்."

இத்ரிஸ் மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கைவேலையில் எங்கே அடிபட்டது என்று ஆண்டவனே வந்தாலும் காட்ட முடியாது என்றார். அப்படியானால் இழப்பு இன்னும் கூடும் என்று ஜெவ்தெத் குறித்துக்கொண்டார். வேலை மோசமாக இருந்தால் சந்தை பார்த்துத் தெரிந்துகொள்ளும். நன்றாக இருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படும்.

மனத்தாங்கல் அட்டவணை என்று ஒன்று அவரிடம் இருந்தது. வெள்ளைக் காருக்கு ஒரு எண், சிவப்புக்கு ஒரு எண். உரிமையாளர் புகைப்பவரா, நாய் வளர்ப்பவரா, இறந்தவரா? இறந்தவர் என்றால் இழப்பில் இரண்டு சதவீதம் குறைத்துவிடுவார்கள். இனி அவர் ஓட்டமாட்டார் என்பது சந்தைக்கு ஆறுதலாம். அந்தக் கட்டத்தில் அவர் டிக் போடும்போது நான் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து கருவியை உறைக்குள் போடும்போதுதான் செலாமிக்கு அந்த யோசனை வந்தது. கழற்றிய பழைய கதவு சுவரோரம் சாய்ந்து நின்றது. அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. கோழியை விரட்டிவிட்டு, "இதையும் அளங்க சார். எப்பேர்ப்பட்ட கதவு நசுங்கிப்போச்சுன்னு தெரியட்டும்" என்றான்.

ஜெவ்தெத் கருவியை வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். நானூற்று முப்பது.

உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். இழவுச் செய்தி வந்ததுபோல் இத்ரிஸ் மேஸ்திரி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"இது ஏற்கெனவே பெயின்ட் அடிச்ச கதவு" என்றார் ஜெவ்தெத்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கார் புதுசாக வாங்கியது, நாங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் தொட்டதில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். செலாமியின் முகம், அண்ணனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்று கேள்விப்பட்டவனுடையதைப்போல் ஆகிவிட்டது. "எங்கிட்டக்கூடச் சொல்லாம பெயின்ட் அடிச்சிருக்கான்" என்று முனகினான்.

ஜெவ்தெத் அட்டவணையை மடித்தார். ஏற்கெனவே பெயின்ட் பட்ட உறுப்புக்கு மதிப்பிழப்பு கிடையாது என்பது விதி. பக்கத்துக் கதவுக்கும் கிடையாது. ஒரு கதவு பொய் சொன்னால் பக்கத்துக் கதவின் பேச்சும் எடுபடாது. அவர் என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார்:

"ஏற்கெனவே அடிபட்டதுகிட்ட யாரும் எதையும் எதிர்பாக்குறதில்ல மேடம். எதிர்பார்ப்பு இல்லாத எடத்துல இழப்புன்னு ஒண்ணு கிடையாது."

அதைப் பற்றி யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் காலணியைக் கழற்றும்போதுதான் வேறொன்று உறைத்தது. இந்தப் பதினான்கு மாதங்களில் ரிஃப்கியைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் புதுச் செய்தி இது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் எனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொன்னார்கள். பொறுமைசாலி என்றார்கள். ஒரு கிராம் ஏமாற்றாதவர் என்றார்கள். தக்காளியை அரிந்து உப்பைத் தொட்டுக்கொண்டு எப்படிச் சாப்பிடுவார் என்று எனக்கே நடித்துக் காட்டினார்கள். இறந்தவர்களிடமிருந்து புதிதாக ஒன்றும் வராது என்று நானும் பழகிவிட்டிருந்தேன். இப்போது வந்திருக்கிறது: நானூற்றுப் பன்னிரண்டு மைக்ரான். ஒரு கிராம் ஏமாற்றாதவர் என்னிடம் ஒரு கதவை மறைத்திருக்கிறார்.

மறுநாள் மேல்முறையீடு செய்தேன். பணத்துக்காக என்று செலாமி நினைத்தான். ஜெவ்தெத்தும் அப்படித்தான் நினைத்தார். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதிப்பிழப்பு ஆணையத்திலிருந்து முதல் கடிதம் வந்தது. கதவின் அப்போதைய உரிமையாளர் நேரில் ஆஜராகி விளக்கம் தர வேண்டும். இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். அதற்குப் பதில் வந்தது: சான்றிதழ் பெறப்பட்டது, ஆனால் ஆஜராகாததற்கான காரணம் அதில் குறிப்பிடப்படவில்லை. இறந்துவிட்டதால் வர இயலவில்லை என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அந்த வாக்கியத்தை நான் அதுவரை எழுதியதில்லை. எழுதிய பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு அரிசி களைந்தேன்.

மூன்றாவது கடிதம், கதவை நேரில் சமர்ப்பிக்கச் சொன்னது. கதவைக் காரில் ஏற்ற செலாமி சம்மதிக்கவில்லை. சீட்டில் கீறல் விழுந்தால் மதிப்பு இன்னும் இறங்கும். ஆகவே நானும் கதவும் மினிபஸ்ஸில் போனோம். கதவுக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் நிற்கக் கூடாது, உட்கார்ந்துதான் வர வேண்டும் என்றார் டிரைவர். ஜன்னலோர இருக்கையில் கதவை உட்காரவைத்து நான் பக்கத்தில் நின்றேன். சந்தைப் பையோடு ஏறிய ஒரு பெண் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நான்கு நிறுத்தம் வந்தாள். இறங்கும்போது, "ஆண்டவன் பொறுமையக் குடுக்கட்டும் அக்கா" என்றாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆணையம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது. நானும் காவலாளியுமாகக் கதவை மேலே கொண்டுபோனோம். அதை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் வைக்கச் சொன்னார்கள். ஆணையம் கதவைப் பார்ப்பதில்லை, கதவின் புகைப்படத்தை மட்டுமே பார்க்கும்.

தலைவர் ஃபாஹிர் நரைத்த மீசையை நன்றாகக் கத்தரித்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். அவர் பேச ஆரம்பித்தால் அவர்கள் தேநீர்க் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

"இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சிருப்பேன்" என்றார் ஃபாஹிர். "பதினாலாயிரம் கதவு என் கையெழுத்துல போயிருக்கு. ஒண்ணக்கூடத் தொட்டதில்ல. தொட்டா பரிதாபம் வந்துடும். பரிதாபம் வந்தா எண் தப்பாயிடும். எங்ககிட்ட எண் தப்பா இருந்ததே கிடையாது. மத்ததுதான் எண்ணுக்குப் பொருந்தாமப் போயிருக்கு."

பிறகு எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அந்தக் கதவுக்கு யார் பெயின்ட் அடித்தார்கள், எப்போது, எதற்காக என்று தெரிய வேண்டும் என்றேன். உறுப்பினர்கள் படிவத்தைப் புரட்டினார்கள். 'யார்' உண்டு, 'எப்போது' உண்டு. 'எதற்காக' என்பதற்கு இடம் இல்லை. மூவரும் தணிந்த குரலில் கலந்து பேசினார்கள். ஆய்வகத்துக்கென்று ஒதுக்கிய தொகை வருடம் முடியப்போகிற நேரத்தில் செலவாகாமல் கிடக்கிறது, கிடந்தால் அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள் என்று ஒருவர் நினைவூட்டினார். கதவு ஆய்வகத்துக்குப் போயிற்று.

ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் நான் எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதமாக எதையும் எதிர்பார்க்காமல் இருந்ததால், அது என்ன வகை உணர்ச்சி என்று பிடிபட இரண்டு மூன்று நாள் பிடித்தது. முதலில் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து தயிர் சாப்பிட்டேன்.

அறிக்கையைப் படிக்க ஆய்வகத்திலிருந்து பின்னூர் என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், ஜலதோஷம் பிடித்திருந்தது. தலைவரும் உறுப்பினர்களும் அமர்ந்திருக்க, செலாமி என் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, செய்தித்தாளில் வானிலை படிப்பதுபோல் படித்தாள்.

"பெயின்ட் அடிச்சு ஒன்பது வருஷம் ஆகுது. பட்டறைல அடிச்சதில்ல, வெட்டவெளில. மூணு பூச்சு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாள். உள்ள பதினோரு கொசு மாட்டியிருக்கு, நெல் வயல் கொசு. ஜூன் மாசம், சாயங்காலம், துன்ஜா ஆத்தங்கரை. உப்புத்தாள கையாலேயே தேச்சிருக்காங்க, ரொம்ப நேரம். இவ்வளவு தேய்க்க வேண்டிய அவசியமே இல்ல."

"தொழில் தெரியாதவன்" என்று குறித்துக்கொண்டார் தலைவர்.

"அடியில ஒரு உரசல் இருக்கு. தரைலேர்ந்து அறுபத்தெட்டு சென்டிமீட்டர் உயரம். வண்டி முன்னாடி போயிட்டே வலது பக்கம் திரும்பியிருக்கு. உரசுனப்போ வேகம் குறையல, நிக்கவும் இல்ல. ஓட்டுனவங்களுக்கு இடிச்சதே தெரியல. உரசல்ல வேற ஒரு பெயின்ட் ஒட்டியிருக்கு. பச்சை. பிஸ்தா பச்சை."

தலைவர், ஆக கவனக்குறைவான ஓட்டுநர் என்றார். செலாமி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான் வேலைபார்த்த பள்ளியின் வாசலில் இரண்டு தூண்கள் உண்டு. தலைமையாசிரியை வருடாவருடம் வசந்த காலத்தில் அவற்றுக்குத் தன் கையாலேயே பெயின்ட் அடிப்பாள். எதிர்னேயில் வேறு யாருக்கும் அந்தப் பிஸ்தா பச்சை பிடிக்கவில்லை. வாங்கிய டப்பாக்கள் தீர வேண்டுமே என்று பத்தொன்பது வருடம் அதையே அடித்தாள். பால் கேன்களோடு காலையில் ஆறு நாற்பதுக்கு அந்த வாசலுக்குள் வலதுபக்கம் திரும்புகிற கார் ஒன்றே ஒன்றுதான். ரிஃப்கி ஒரு நாளும் அங்கே கார் ஓட்டி வந்ததில்லை. என்னைப் பார்க்க வந்தால் எதிர்ப்புறம் பேக்கரி முனையில் சைக்கிளோடு நிற்பார்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஜூன் மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வேறொரு காரணத்துக்காக. மூன்று நாள் தொடர்ந்து மீன் பிடிக்கப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனார். மீன் இல்லாமல் வந்தார். கண் சிவந்திருந்தது, கை நடுங்கியது, உடம்பெல்லாம் ஒரு நெடி. குடியை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்த மனிதர். மூன்றாம் நாள் நான் மேசையில் ரொட்டியை வைத்து, குடிக்கவில்லை என்று கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்திருக்கலாம். செய்தால், அப்படியானால் இது என்ன நெடி என்று அடுத்த கேள்வி கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். ரொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொட்டிய எடுத்து வை மெலாஹத்" என்றார்.

பத்தொன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று செலாமியிடம் சொன்னேன், அவர் அம்மாவிடம் சொன்னேன். அவருடைய அம்மா அதை நம்பிக்கொண்டேதான் செத்துப்போனாள். அவர் மறுக்கவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் காலை ஆறரைக்கு நான் சாவியை ஆணியிலிருந்து எடுப்பதை அவர் தேநீர்க் குவளைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அழுகை வரும் என்று அந்த அறையில் காத்திருந்தேன். வரவில்லை. கையில் தேநீர்க் குவளை சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தது.

தீர்ப்பு நாளுக்குக் காரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். செலாமி அதைக் கழுவி, மெழுகு தேய்த்து ஓட்டிவந்தான். மாடியில் தலைவர் எழுந்து நின்று தீர்ப்பைப் படித்தார். மேற்படி பெயின்ட்டுக்கு ரசீது இல்லை. பட்டறை முத்திரை இல்லை. வரி கட்டப்படவில்லை. ரசீதும் முத்திரையும் வரியும் இல்லாத பூச்சு சட்டப்படி பூச்சு ஆகாது. ஆற்றங்கரையில் ஒரு தனிநபர் ஒரு திரவத்தை உலரவிட்டிருக்கிறார், அவ்வளவே. ஆகவே அந்தக் கதவு விபத்து நடக்கும்வரை கம்பெனி பெயின்ட்டிலேயே இருந்தது என்று ஆணையம் ஏகமனதாகக் கருதுகிறது. இழப்பீடு முழுமையாக வழங்கப்படும்.

செலாமி என் தோளை அழுத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது. உறுப்பினர்கள் வாழ்த்தினார்கள். இழப்பீடு கொடுத்துவிட்டால் கதவு இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொந்தம். மாலைக்குள் நசுக்கிவிடுவார்கள், அதற்குள் கையெழுத்து வேண்டும் என்று குமாஸ்தா ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மேற்படி கதவுக்கு இவ்விபத்துக்கு முன் எக்காலத்திலும் எவரும் பெயின்ட் அடிக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

மூன்று தடவை படித்தேன்.

"அடிச்சிருக்கு" என்றேன்.

தலைவர் மறுபடி உட்கார்ந்தார். "மேடம், அடிக்கலன்னு நாங்கதான் முடிவு பண்ணிட்டமே."

"என் வீட்டுக்காரர் அடிச்சாரு. துன்ஜா ஆத்தங்கரைல, மூணு நாள்."

"அத நீங்க சொல்லக் கூடாது. நாங்க சொல்லணும், நீங்க இல்லன்னு மறுக்கணும். இதுதான் நடைமுறை. இருபத்தாறு வருஷத்துல யாரும் மாத்திச் செஞ்சதில்ல."

"எனக்குப் பணம் வேணாம். கதவக் குடுத்துடுங்க."

தன் கார் பெயின்ட் அடித்தது என்று ஒப்புக்கொள்பவருக்கான படிவத்தைத் தேடி குமாஸ்தா இரண்டு அலமாரிகளைத் திறந்தார். அப்படி ஒன்று அச்சிடப்பட்டிருக்கவே இல்லை. கோப்பை மூடுவதற்கு மூன்று காரணங்களுக்குத்தான் முத்திரை இருந்தது: இழப்பீடு வழங்கப்பட்டது, மனுதாரர் இறந்துவிட்டார், மதிப்பிழப்பு இல்லை. குமாஸ்தா இரண்டாவது முத்திரையைக் கையில் எடுத்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை வைத்துவிட்டு மூன்றாவதைக் குத்தினார். மதிப்பிழப்பு இல்லாத கதவு ஆணையத்துக்கு இடைஞ்சல் என்பதால், ஒரு மணி நேரத்துக்குள் நானே அதை அகற்ற வேண்டும், தவறினால் அபராதம் என்றும் எழுதிக் கொடுத்தார்.

ஆய்வகத்திலிருந்து திரும்பிவந்த கதவு தாழ்வாரத்தில் சாய்ந்து நின்றது. அதற்கு மேலிருந்த ஜன்னல் விளிம்பில் செலாமி கார்ச் சாவியை எறிந்தான்.

"ரெண்டு குளிர்காலம் அண்ணி. கைல வந்தத இப்படித் தூக்கிப் போட்டுட்டீங்க. அண்ணன் திரும்பக் குடிச்சப்போ ஊரெல்லாம் சொன்னீங்க. இப்ப அவன் அடிச்ச பெயின்ட்டுக்குப் போயி இவ்வளவு ரோஷம்." சொல்லிவிட்டுப் படியிறங்கத் தொடங்கினான்.

"அவர் குடிக்கல, செலாமி."

நான்கைந்து படி இறங்கியிருந்தவன் நின்றான்.

"அந்த ஜூன் மாசம் அவர் குடிக்கல. பெயின்ட் நெடி அது. தூண்ல இடிச்சது நான். எனக்கே தெரியல. நான் பயந்து ஓட்டுறத விட்டுடக் கூடாதுன்னு மூடி மறைச்சிருக்காரு. நான்தான் எல்லார்கிட்டயும் தப்பா சொல்லிட்டேன்."

அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். யாரோ ஒருவர் ஒரு பம்பரைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு நடுவே மேலே போனார். பிறகு செலாமி ஏறி வந்தான். குனிந்து, கதவின் மறுமுனையைப் பிடித்தான்.

மூன்று மாடி இறங்கினோம். திருப்பங்களில் அவன் "மெதுவா" என்றான், "என் பக்கம் தூக்குங்க" என்றான். கதவு பின்சீட்டில் நேராக நுழையவில்லை. முன்சீட்டை மடக்கிச் சாய்த்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது. அதன் பிறகு ஓட்டுகிறவருக்கு மட்டுமே காரில் இடமிருந்தது. துடைத்து வைத்திருந்த சீட்டில் கதவின் விளிம்பு நீளமாக ஒரு கோடு போட்டது. செலாமி அதைப் பார்த்தான், பார்த்துவிட்டுக் கதவை இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்காரவைத்தான்.

நான் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தேன். இருக்கை செலாமியின் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. முன்னுக்கு இழுத்தேன். முத்திரை குத்திய தாளை ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தேன். சாவியைத் திருப்பியதும் உள்ளே வெங்காய வாசனை லேசாக வந்தது. அல்லது வந்ததாக நினைத்துக்கொண்டேன்.

செலாமி ஜன்னலில் குனிந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"பாத்துப் போங்க அண்ணி. எங்கயும் இடிச்சுடாதீங்க."

"ஏற்கெனவே இடிச்சிருக்கேன்" என்றேன்.

ஆணையத்தின் வாசலில் இரண்டு பக்கமும் கல்தூண்கள். வீட்டுக்குப் போக வலதுபக்கம் திரும்ப வேண்டும். கியர் போட்டேன். இந்தத் தடவை வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.